புராஜெக்ட் எப்போது முடிகிறது?

2016-இல் எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் முடித்துவிட்டு, ஞாயிறு தவறாமல் வேலைவாய்ப்புப் பக்கங்களைப் புரட்டினேன். பல்கலைக்கழக ஆய்வு வேலை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அப்பா பஸ் கண்டக்டர், அம்மா தையல். எங்கே தேடுவது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. இன்று நானே ஆள் எடுக்கும் குழுவில் உட்காருகிறேன். அன்று எனக்கு யாரும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன்.

பல்கலைக்கழக ஆய்வு வேலை என்பது பல்கலைக்கழகம் தரும் வேலை அல்ல, புராஜெக்ட் தரும் வேலை. ஒரு பேராசிரியர் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கோ ஐ.சி.எம்.ஆருக்கோ (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுத் திட்டம் எழுதி அனுப்புகிறார். பணம் ஒதுக்கப்பட்டால் அதிலேயே ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) அல்லது புராஜெக்ட் அசோசியேட் ஒருவருக்குச் சம்பளமும் இருக்கும். அந்த ஓர் இடத்துக்கு நாளிதழில் விளம்பரம் வருவது அபூர்வம். நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு பக்க பி.டி.எஃப். ஆகப் பத்துப் பதினைந்து நாள் கிடக்கும், அவ்வளவுதான். சென்னை ஐ.ஐ.டி. என்றால் அதன் ஆய்வுத் திட்டப் பிரிவான ஐ.சி. அண்ட் எஸ்.ஆர். பக்கத்தைப் பாருங்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம், சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை பல்கலைக்கழகங்கள் அல்ல. ஆனால் புராஜெக்டுக்கு ஆள் எடுக்கும் வழி ஏறக்குறைய இதேதான். சுகாதார ஆய்வுகளில் நர்சிங், சமூகப்பணி, புள்ளியியல் படித்தவர்களுக்கும் இடம் உண்டு.

நான் சேர்ந்தபோது ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். 2019-இல் 31,000 ஆனது. 2023 ஜனவரி முதல் 37,000, வீட்டு வாடகைப்படி தனி. அதற்கு நெட் அல்லது கேட் தேர்ச்சி வேண்டும். நெட்டில் உதவித்தொகை கிடைக்காமல் உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் வந்திருந்தாலும் புராஜெக்ட் ஜே.ஆர்.எஃப்.க்கு அது செல்லும். இது தெரியாமல் விண்ணப்பிக்காமலே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை. இரண்டு தேர்ச்சியும் இல்லாதவர்கள் குறைந்த தொகையில் புராஜெக்ட் அசோசியேட்டாகச் சேரலாம்.

என் முதல் நேர்காணல் இன்னும் கண்ணில் நிற்கிறது. புராஜெக்டை நடத்திய பேராசிரியர் மேடம் என் எம்.எஸ்சி. ஆய்வேட்டைப் புரட்டி, ஒரு ஜெல் படத்தில் விரலை வைத்தார்.

"நாலாவது லேன்ல பேண்ட் ஏம்மா இப்படி இழுத்துக்கிட்டுப் போயிருக்கு?"

"டி.என்.ஏ. அதிகமா போட்டுட்டேன் மேடம்."

"திரும்ப ஓட்டினியா?"

"பாதியா குறைச்சு ஓட்டினேன் மேடம்."

தேதி போட்ட லேப் நோட்டை எடுத்துக் காட்டினேன். அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தார். வேலை கிடைத்தது. இன்று நானும் முதலில் லேப் நோட்டைத்தான் கேட்கிறேன். மதிப்பெண் எல்லாரிடமும் இருக்கிறது.

ஆனால் அந்தப் புராஜெக்டில் ஐந்து மாதம்தான் மீதி இருந்தது. அவர் மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை. கடைசி மூன்று மாதச் சம்பளம் நான் வெளியே வந்தபிறகுதான் வந்தது. அதுவரை அம்மாவின் தையல் காசில்தான் விடுதி வாடகை கட்டினேன்.

அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். உங்களுக்குப் பிடித்த துறையில் ஒரு பேராசிரியரின் கட்டுரையைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த சந்தேகத்தோடு நாலு வரி எழுதுங்கள். நாற்பது பேருக்கு அனுப்பிய ஒரே கடிதம் திறந்தவுடன் தெரிந்துவிடும்.

நேர்காணல் முடிவில், "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். புராஜெக்ட் எந்த மாதம் முடிகிறது, பிஎச்.டி. பதிவு செய்ய இடம் உண்டா என்று கேளுங்கள். இதைக் கேட்டதற்காக எங்கள் குழு இதுவரை ஒருவரையும் நிராகரித்ததில்லை.