கடலே இல்லாத நாட்டுக்கு ஐஸ் டீ பாட்டில் போவது எப்படி? வழியிலேயே விலை ஏறுவது ஏன்?

ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் ஒரு பெட்டிக்கடைக்கு குளிர்பானம் வரணும்னா, கடலூரிலோ சிதம்பரத்திலோ இருந்து ஒரு வேன் கிளம்பினால் போதும். வெளிநாட்டில் இருந்து கப்பலில் வரும் ஐஸ் டீ பாட்டில் ஒன்று நேபாளத் தலைநகர் காத்மாண்டுவில் இருக்கும் கடைக்குப் போகணும்னா, நடுவில் இன்னொரு நாட்டையே கடக்கணும். பெரும்பாலும் அந்த நாடு இந்தியாதான். லெமன், பீச் எனப் பல சுவைகளில் வரும் இந்த பாட்டில் ஒன்றை வைத்தே, கடல் இல்லாத நாடுகள் படும் பாட்டைப் புரிந்துகொள்ளலாம்.

எந்தெந்த நாடுகளுக்கு இந்தச் சிக்கல்?

சொந்தக் கடற்கரை இல்லாமல், நாலா பக்கமும் அடுத்த நாடுகளின் நிலத்தால் சூழப்பட்ட நாடுகளுக்குத்தான். வளரும் நாடுகளில் மட்டும் இப்படி 32 நாடுகளை ஐ.நா. பட்டியலிட்டிருக்கிறது. நேபாளம், பூடான், ஆப்கானிஸ்தான் மூன்றும் அதில் உண்டு.

பாட்டில் போகும் பாதை என்ன?

* முதலில் கொல்கத்தா அல்லது ஹால்தியா துறைமுகம். 2016-க்குப் பிறகு விசாகப்பட்டினமும் சேர்ந்துகொண்டது.
* அங்கே இந்தியாவின் இறக்குமதி வரி கிடையாது. சரக்கு நேபாளத்துக்குத்தான் போகிறது என சுங்கத்துறையிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். வழியில் யாரும் திறக்காதபடி கன்டெய்னருக்கு சீல் வைக்கப்படும்.
* பிறகு ரயிலிலோ லாரியிலோ சுமார் 700 கி.மீ. பயணம். பீகாரின் ரக்சௌல் எல்லையைத் தாண்டினால் நேபாளத்தின் பீர்கஞ்ச். அங்கே இருக்கும் சிர்சியா உலர் துறைமுகத்துக்கு ரயில் நேராகவே போகும். உலர் துறைமுகம்னா, கடல் இல்லாத ஊரில் கன்டெய்னரை இறக்கி சுங்கச் சோதனை செய்யும் இடம்.
* அங்கே நேபாளத்தின் சுங்க வரி, 13 சதவீத மதிப்புக் கூட்டு வரி. அதன்பின் மலைப்பாதை ஏறி காத்மாண்டு.

இத்தோடு முடியவில்லை. காலி கன்டெய்னரை கப்பல் நிறுவனத்திடம் திருப்பிக் கொடுக்கணும். குறித்த நாளைத் தாண்டினால் தினக்கணக்கில் அபராதம்.

ஐஸ் டீக்கு மட்டும் ஏன் கூடுதல் அடி?

காரணம் ரொம்ப சிம்பிள். ஐஸ் டீ பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். ஒரு கப்புக்கு 2 கிராம் என்று வைத்தால், ஒரு கிலோ தேயிலையில் 500 கப் டீ போடலாம். ஒரு கப் 150 மில்லி என்றால் மொத்தம் 75 லிட்டர். அதாவது அரை லிட்டர் பாட்டில் 150. தேயிலையாக அனுப்பினால் ஒரு கிலோ. பாட்டிலில் அடைத்து அனுப்பினால் 75 கிலோவுக்கும் மேல்!

செல்போன் மாதிரி எடை குறைந்த, விலை உயர்ந்த பொருள் என்றால் போக்குவரத்துச் செலவு பெரிதாகத் தெரியாது. மலிவு விலை பாட்டிலுக்கு அந்தச் செலவே சுமை. போதாததற்கு எக்ஸ்பைரி தேதி வேறு. துறைமுகத்திலும் எல்லையிலும் நிற்கும் ஒவ்வொரு நாளும், கடையில் வைத்து விற்கும் நாட்களில் இருந்துதான் கழியும்.

லாரி வாடகைக்கும் வரியா?

ஆமாம். எல்லை வரை கொண்டுவந்த செலவையும் சேர்த்துத்தான் சரக்கின் மதிப்பு கணக்கிடப்படும். அதன் மேல் சுங்க வரி, இரண்டையும் கூட்டி அதன் மேல் 13 சதவீத வரி.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. சுங்க வரி 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கடல் இல்லாத காரணத்தால் ஒரு பாட்டிலுக்குப் போக்குவரத்தில் கூடுதலாக 8 ரூபாய் ஆகிறது. சுங்க வரி சேர்ந்தால் அது 10 ரூபாய் 40 காசு. அடுத்த வரியும் சேர்ந்தால் 11 ரூபாய் 75 காசு. கடைக்காரர் லாபம் இன்னும் சேரவே இல்லை.

வழி விடுவது தயவா, உரிமையா?

ஸ்ரீமுஷ்ணத்திலும் கடல் இல்லை. ஆனாலும் மாசி மகத்துக்கு பூவராக சுவாமி ஊர் ஊராகக் கடந்து கிள்ளை கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். வழியில் இஸ்லாமியர்கள் வரவேற்று மரியாதை செய்கிறார்கள். அங்கே வழக்கமே வழி விடுகிறது. நாடுகளுக்கு நடுவே அப்படி நடக்காது, சட்டம் வேணும்.

1982-ம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 125-வது பிரிவு, கடல் இல்லாத நாடுகளுக்கு அண்டை நாடு வழியாகச் சரக்கு கொண்டுபோகும் உரிமையைத் தருகிறது. கடந்துபோகும் சரக்குக்கு வரி போடக் கூடாது, சேவைக் கட்டணம் மட்டும் வாங்கலாம் என்கிறது 127-வது பிரிவு. ஆனால் எந்தப் பாதை, என்ன நிபந்தனை என்பதை இரு நாடுகளும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பேச்சு முறிந்தால், உரிமை காகிதத்தில் இருக்கும். லாரி எல்லையில் நிற்கும்.

அப்படி நின்றிருக்கிறதா?

இரண்டு முறை பெரிய அளவில். 1989 மார்ச்சில் இந்தியா – நேபாளம் இடையிலான வர்த்தக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியானபோது, இரண்டு எல்லைப் பாதைகளைத் தவிர மற்றவை மூடப்பட்டன. மண்ணெண்ணெய்க்குக்கூடத் தட்டுப்பாடு. 1991 டிசம்பரில்தான் புதிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

அடுத்தது 2015. ஏப்ரல் நிலநடுக்கத்தில் ஏறக்குறைய 9,000 பேரை இழந்த நாடு, செப்டம்பரில் புதிய அரசியலமைப்பைக் கொண்டுவந்தது. அதை எதிர்த்து தெற்கே மாதேசி மக்கள் போராட, எல்லையில் லாரிகள் தேங்கின. இது இந்தியாவின் அறிவிக்கப்படாத முற்றுகை என்றது நேபாளம். இந்தியா மறுத்தது. யார் சொன்னது சரியோ, 2016 பிப்ரவரி வரை சமையல் கேஸும் மருந்தும் கிடைக்காமல் தவித்தது சாமானிய மக்கள்தான்.

அதன்பிறகு நேபாளம் சீனாவுடன் ஒப்பந்தம் போட்டது. 4 சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்த 2019-ல் வழி பிறந்தது. ஆனால் அவற்றில் ஒன்றான தியான்ஜின் 3,000 கி.மீ.க்கும் அப்பால். கொல்கத்தாவோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு தூரம்.

உள்ளூரிலேயே தயாரித்தால் என்ன?

அதுதான் கெட்டிக்காரத்தனம். கோக், பெப்சி பானங்கள் நேபாளத்திலேயே பாட்டிலில் அடைக்கப்படுகின்றன. தண்ணீர் உள்ளூரிலேயே கிடைக்கும்போது அதை ஏன் கப்பலில் ஏற்றணும்? தேயிலைக்கும் பஞ்சமில்லை. இலாம் பகுதியில் 1863-லேயே தேயிலைத் தோட்டம் வந்துவிட்டது. இன்றும் நேபாளத் தேயிலையில் பெரும்பகுதியை வாங்குவது இந்தியாதான்.

ஆனாலும் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக் மூலப்பொருள் வெளியில் இருந்துதான் வரணும். லாரிக்கு ஊற்றும் டீசலும் அப்படித்தான். ஐஸ் டீ இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அதே ரக்சௌல் பாதையில்தான் நேபாளத்தின் எரிபொருளும் மருந்தும் வருகின்றன. அந்தப் பாதை ஒரு வாரம் அடைபட்டாலும், ஐஸ் டீயைத் தொடாதவர் வீட்டு அடுப்பு வரைக்கும் அது எட்டும்.