2 லட்சம் வியூஸ் சரி... விற்றது எத்தனை? தஞ்சை பொம்மை முதல் பாரம்பரிய அரிசி வரை: ஆன்லைன் கடைகள் விளம்பரக் கணக்கைப் பார்ப்பது எப்படி?

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை தலையை ஆட்டும் ஒரு ரீல்ஸ் வீடியோ. 2 லட்சம் வியூஸ், 3 ஆயிரம் லைக். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால், அந்த வீடியோவைப் பார்த்து எத்தனை பேர் பொம்மை வாங்கினார்கள் என்று கேட்டால், பல சிறு கடைக்காரர்களிடம் பதில் இருக்காது.

காவிரி டெல்டாவில் இன்று ஆன்லைனில் விற்க நிறைய இருக்கிறது. 2008-09ல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் பொம்மை, தஞ்சாவூர் ஓவியம், கலைத்தட்டு, சுவாமிமலை ஐம்பொன் சிலை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு என்று பட்டியல் நீளும். இன்னொரு பக்கம் மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, தூயமல்லி போன்ற பாரம்பரிய அரிசி ரகங்கள். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்கள் இந்த ரகங்களை மறுபடி வயலுக்குக் கொண்டுவந்தன. இப்போது அவை பாக்கெட்டில் அடைக்கப்பட்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் பார்சலாகப் போகின்றன.

இவற்றை விற்க ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடுவது சகஜமாகிவிட்டது. பணம் கட்டினால் விளம்பரம் ஓடும். அந்தப் பணம் திரும்பி வந்ததா என்பதைக் காட்டுவதுதான் 'கன்வர்ஷன் டிராக்கிங்'. அது எப்படி வேலை செய்கிறது, எப்படி அமைப்பது, எங்கே ஏமாற்றும்? பார்க்கலாம்.

கன்வர்ஷன் என்றால் என்ன?

விளம்பரத்தைப் பார்த்தவர், கடைக்காரர் எதிர்பார்த்த ஒரு செயலைச் செய்து முடிப்பதுதான் கன்வர்ஷன். ஆன்லைன் கடைக்கு அது பெரும்பாலும் 'பணம் கட்டி வாங்குவது'. லைக், ஷேர், கமென்ட் எல்லாம் கன்வர்ஷன் ஆகாது.

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு பொம்மைக் கடை, நவராத்திரிக்கு முன்பு இரண்டு விளம்பரங்களுக்குத் தலா ₹5,000 செலவிடுகிறது. ஒன்று, ஓஹோவென்று ஓடிய தலையாட்டி பொம்மை வீடியோ. அதிலிருந்து வந்தது 4 ஆர்டர். இன்னொன்று, கொலு செட்டின் சாதாரண புகைப்படம், கீழே விலை. லைக் சொற்பம். ஆனால் 20 ஆர்டர்.

முதல் விளம்பரத்தில் ஒரு ஆர்டரைப் பிடிக்க ஆன செலவு ₹1,250. இரண்டாவதில் ₹250. பொருள், பேக்கிங், கூரியர் போக ஒரு ஆர்டரில் ₹400 லாபம் என்றால், முதல் விளம்பரம் நஷ்டம், இரண்டாவது லாபம். டிராக்கிங் இல்லாத கடைக்காரர் என்ன செய்வார்? லைக்கைப் பார்த்து இரண்டாவதை நிறுத்திவிட்டு, முதல் விளம்பரத்துக்கே இன்னும் பணம் போடுவார். பிரச்சினையே இதுதான்.

பிக்சல் என்ன செய்கிறது?

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் சொந்தக்காரரான மெட்டா நிறுவனம் தரும் சின்ன நிரல்தான் 'மெட்டா பிக்சல்'. 2015ல் ஃபேஸ்புக் பிக்சல் என்ற பெயரில் வந்தது. இதைக் கடையின் இணையதளத்தில் பதித்துவிட்டால், வருகிறவர் என்ன செய்கிறார் என்பதை மெட்டாவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

விளம்பரத்தைத் தட்டியதும் இணைய முகவரியின் வாலில் நீளமாக ஏதோ எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது அந்தக் கிளிக்குக்கான அடையாளச் சீட்டு மாதிரி. பிக்சல் அதைப் பத்திரப்படுத்திக்கொள்ளும். பிறகு அதே ஆள் பொருள் வாங்கினால், 'இந்த விளம்பரத்திலிருந்து வந்தவர்தான் வாங்கினார்' என்று இரண்டையும் பொருத்திப் பார்க்க முடியும்.

ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பெயர் உண்டு. இதை 'ஈவென்ட்' என்பார்கள். ஒரு கடைக்கு முக்கியமானவை ஐந்து:

பேஜ் வியூ - கடையின் ஒரு பக்கத்தைத் திறந்தார்.
வியூ கன்டென்ட் - குறிப்பிட்ட பொருளைப் பார்த்தார்.
ஆட் டு கார்ட் - கூடையில் போட்டார்.
இனிஷியேட் செக்அவுட் - பணம் கட்டும் பக்கத்துக்குப் போனார்.
பர்சேஸ் - வாங்கிவிட்டார்.

இந்த ஐந்தும் சரியாகப் பதிவானால் கடையில் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். நூறு பேர் கூடையில் போட்டு, இரண்டு பேர் மட்டும் வாங்கினால், குறை விளம்பரத்தில் இல்லாமல் இருக்கலாம். கடைசிப் பக்கத்தில் திடீரென்று காட்டப்படும் கூரியர் கட்டணம் காரணமாக இருக்கலாம். 5 கிலோ அரிசி விற்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

அமைப்பது எப்படி?

1. மெட்டா பிசினஸ் கணக்கில் 'ஈவென்ட்ஸ் மேனேஜர்' பகுதிக்குப் போய், இணையதளத்துக்கான புதிய டேட்டா செட் ஒன்றை உருவாக்க வேண்டும். உங்கள் பிக்சலுக்கு ஒரு நீண்ட எண் கிடைக்கும். கணக்கு கடைக்காரர் பெயரிலேயே இருப்பது முக்கியம். விளம்பரம் போட்டுத் தருபவரின் கணக்கில் இருந்தால், அவரை மாற்றும்போது சேர்த்த தகவலும் கைவிட்டுப் போய்விடும்.

2. கடை ஷாப்பிஃபையில் இருந்தால் அதற்கான ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆப் உண்டு. வூகாமர்ஸ் என்றால் பிளக்-இன் உண்டு. இணைத்தால் போதும், கோடிங் தேவையில்லை. தனியாக உருவாக்கிய தளம் என்றால், எல்லாப் பக்கங்களின் தலைப்பகுதியிலும் பிக்சல் நிரலை டெவலப்பர் பதிக்க வேண்டும்.

3. பர்சேஸ் ஈவென்ட்டுடன் ஆர்டரின் தொகையும், ரூபாய் என்ற குறிப்பும் சேர்ந்து போகிறதா என்று பார்க்க வேண்டும். தொகை போகாவிட்டால் ₹300 அரிசி பாக்கெட்டும் ₹30,000 தஞ்சாவூர் ஓவியமும் மெட்டாவுக்கு ஒன்றுதான்.

4. 'டெஸ்ட் ஈவென்ட்ஸ்' பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, நீங்களே கடையில் ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். ஐந்து ஈவென்ட்டும் வர வேண்டும்; பேஜ் வியூ ஒவ்வொரு பக்கத்திலும் வரும், பர்சேஸ் ஒரே ஒரு முறைதான் வர வேண்டும். கணினியில் குரோம் வைத்திருப்பவர்கள் 'பிக்சல் ஹெல்பர்' என்ற இலவச எக்ஸ்டென்ஷனிலும் சோதிக்கலாம்.

5. விளம்பரம் உருவாக்கும்போது நோக்கமாக 'சேல்ஸ்' என்பதையும், ஈவென்ட்டாக பர்சேஸையும் தேர்வு செய்ய வேண்டும். வெறும் 'பூஸ்ட்' பட்டனைத் தட்டி லைக்குக்காக விளம்பரம் ஓட்டினால், மெட்டா லைக் போடும் ஆட்களைத்தான் தேடித் தரும், வாங்கும் ஆட்களை அல்ல.

பிக்சல் மட்டும் போதுமா?

போதாது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 14.5 வெளியிட்டபோது, ஒரு ஆப் உங்களைப் பிற ஆப்களிலும் தளங்களிலும் பின்தொடர வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும் என்று விதித்தது. அதிலிருந்து ஐபோன் வாடிக்கையாளர்கள் பலரின் தகவல் முழுசாக வருவதில்லை. விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கும் பிரவுசர்களிலும் பிக்சல் ஓடாது.

இதற்கு மாற்றுவழிதான் 'கன்வர்ஷன்ஸ் ஏபிஐ'. பிக்சல், வாடிக்கையாளரின் போனிலிருந்து தகவல் அனுப்பும். இது கடையின் சர்வரிலிருந்து நேரடியாக அனுப்பும்.

நம் ஊருக்கு இது இன்னொரு விதத்திலும் தேவை. வாடிக்கையாளர் யூபிஐயில் பணம் கட்ட வேறு ஆப்புக்குப் போகிறார். பணம் போனதும் அப்படியே போனை வைத்துவிடுகிறார். கடையின் 'நன்றி' பக்கத்துக்குத் திரும்பி வருவதே இல்லை. அந்தப் பக்கம் திறந்தால்தான் பிக்சல் பர்சேஸ் என்று பதியும் என்றால், அந்த விற்பனை கணக்கில் வராது. சர்வர் வழியாக அனுப்பினால், பணம் வந்து சேர்ந்த உடனேயே பதிவாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வழியிலும் தகவல் போகும்போது, ஒரே ஆர்டருக்கு இரண்டிலும் ஒரே ஈவென்ட் எண் இருக்க வேண்டும். இருந்தால்தான் மெட்டா ஒன்றைத் தள்ளிவிட்டு ஒரே விற்பனையாக எண்ணும். இல்லையென்றால் 10 ஆர்டர் 20 ஆகத் தெரியும்.

திரையில் லாபம், கையில் நஷ்டம்... எப்படி?

மறுபடி அந்தப் பொம்மைக் கடைக்கே வருவோம். இரண்டாவது விளம்பரத்தில் 20 ஆர்டர், ஆர்டருக்கு ₹400 வீதம் ₹8,000. விளம்பரச் செலவு ₹5,000. திரையைப் பார்த்தால் ₹3,000 லாபம்.

ஆனால் விளம்பரத்துக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. உண்மைச் செலவு ₹5,900. அடுத்து, 20ல் 4 பேர் 'கேஷ் ஆன் டெலிவரி' கேட்டு, பார்சல் வாசலுக்கு வந்ததும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போகவரக் கூரியர் தலா ₹150 என்றால் ₹600 தண்டம். மிச்சம் 16 ஆர்டர், லாபம் ₹6,400. அதில் ₹5,900ம் ₹600ம் கழித்தால், ₹100 நஷ்டம்! ஜிஎஸ்டி பதிவு இருந்து உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடிந்தவருக்கு மட்டும் ₹800 மிஞ்சும்.

ஆர்டர் போட்ட நொடியிலேயே பர்சேஸ் பதிவாகிவிடும். பார்சல் திரும்பி வந்தது பிக்சலுக்குத் தெரியாது. அதனால் கேஷ் ஆன் டெலிவரி அதிகம் உள்ள கடைகள், டெலிவரி ஆன ஆர்டரை மட்டும் தனியாக எண்ணி, விளம்பரச் செலவை அதால் வகுத்துப் பார்ப்பதே சரி.

ஒரே ஆர்டருக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினால்?

மெட்டாவின் வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைக் கிளிக் செய்த 7 நாட்களுக்குள்ளோ, வெறுமனே பார்த்த 1 நாளுக்குள்ளோ ஒருவர் வாங்கினால், அந்த விற்பனை விளம்பரத்தின் கணக்கில் சேரும். அதே ஆள் இடையில் கூகுள் விளம்பரத்தையும் தட்டியிருந்தால், கூகுளும் 'என்னால்தான் விற்றது' என்று சொல்லும். இரண்டு திரைகளையும் கூட்டினால், உண்மையில் வந்த ஆர்டரைவிட அதிகமாக இருக்கும்.

யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டும் தனித்தனியாக எண்ணுகின்றன, அவ்வளவுதான். கடையின் ஆர்டர் நோட்டும் வங்கிக் கணக்கும்தான் கடைசித் தீர்ப்பு.

வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பவர்கள் என்ன செய்வது?

டெல்டாவில் பல சிறு வியாபாரிகளுக்கு இணையதளமே கிடையாது. "அண்ணா, இந்த செட் என்ன விலை?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, ஜிபேயில் பணம் அனுப்பி முடித்துவிடுவார்கள். அங்கே பிக்சலைப் பதிக்க இடமில்லை. அமேசான், ஃபிளிப்கார்ட்டில் மட்டும் விற்பவர்களுக்கும் இதே நிலைமைதான். அந்தப் பக்கங்களில் உங்கள் பிக்சலைப் போட முடியாது.

வழி இருக்கிறது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் வாட்ஸ்அப்பில் தானாக வரும் முதல் மெசேஜை வேறு வேறாக வையுங்கள். ஒன்றில் 'கொலு செட் விலை வேண்டும்', இன்னொன்றில் 'தலையாட்டி பொம்மை விலை வேண்டும்'. எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். தனித்தனி கூப்பன் பெயர் கொடுப்பதும் பலன் தரும். ஒரு நோட்டில் தேதி, விளம்பரம், தொகை, டெலிவரி ஆனதா என்ற நான்கு கட்டம் போட்டு எழுதினால், அதுவே டிராக்கிங்தான்.

வாடிக்கையாளரின் தகவல் பத்திரமா?

இந்த இடத்தில் கடைக்காரருக்கு ஒரு பொறுப்பும் சேர்கிறது. கன்வர்ஷன்ஸ் ஏபிஐ வழியாக வாடிக்கையாளரின் போன் எண், இமெயில் போன்றவை சங்கேத எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் போகின்றன. ஆனாலும் அதே எண்ணை மெட்டா ஏற்கெனவே வைத்திருந்தால் பொருத்திப் பார்த்துவிடும். பொருத்துவதற்காகத்தானே அனுப்புவதே.

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. என்ன தகவல், எதற்காக எடுக்கப்படுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்பது அதன் அடிப்படை. 18 வயதுக்குக் குறைந்தவர்களைக் கண்காணிப்பதற்கும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் பொதுவாகத் தடை உள்ளது. கடையின் தளத்தில் எளிய தமிழில் ஒரு தனியுரிமைப் பக்கமும், சம்மதம் கேட்கும் பட்டையும் வைப்பது இப்போதே தொடங்க வேண்டிய வேலை.

எப்போது தொடங்கலாம்?

விளம்பரம் ஓடாத நாளிலேயே பிக்சலைப் போட்டுவிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. கொலு பொம்மை விற்பவர் நவராத்திரிக்கு முதல் வாரம் போட்டால் பெரிதாகப் பயனில்லை. ஒரு விளம்பரத் தொகுப்பு நிலைப்பட, வாரத்துக்குச் சுமார் 50 கன்வர்ஷன் தேவை என்பது மெட்டா சொல்லும் அளவு. சின்ன பட்ஜெட்டை ஐந்தாறு தொகுப்புகளாகப் பிரித்தால் எதுவுமே அந்த அளவைத் தொடாது. ஒன்றிரண்டில் குவிப்பது நல்லது. குத்துவிளக்குக்குக் கார்த்திகை, புது அரிசிக்குத் தை என்று உங்கள் சீசன் எதுவோ, அதற்கு ஓரிரு மாதம் முன்பே ஈவென்ட்டுகள் சரியாக வருகிறதா என்று சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியது மூன்றே எண்கள். வரியோடு சேர்த்து விளம்பரச் செலவு எவ்வளவு? டெலிவரி ஆன ஆர்டர் எத்தனை? ஒரு ஆர்டருக்கு விளம்பரத்துக்கு முந்தைய லாபம் எவ்வளவு? முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். வரும் விடை மூன்றாவது எண்ணைத் தாண்டினால், எத்தனை லட்சம் வியூஸ் வந்திருந்தாலும் அந்த விளம்பரத்தை நிறுத்திவிடலாம்.