காகித மருத்துவம்

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே கடலை ஒட்டி அமைந்த பகுதி இராயபுரம். தென்னிந்தியாவின் முதற் பயணிகள் இருப்புப்பாதை 1856-ஆம் ஆண்டில் இங்கிருந்துதான் புறப்பட்டது. கடற்காற்றில் இரும்பு நெடுநாள் நில்லாது என்பதை அங்கு வாழ்வோர்க்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. சன்னற் கம்பியும் கதவின் கீலும் மிதிவண்டிச் சங்கிலியும் அதனை நாள்தோறும் உணர்த்தும். காற்றிலுள்ள உப்புத்துகள் ஈரத்தைப் பற்றி வைத்துக்கொள்கிறது. அந்த ஈரத்தால் இரும்பு விரைந்து துருப்பிடிக்கிறது. வெளியே கம்பிக்கு நேரும் இக்கதி, வீட்டுப் பரண்மேல் பெட்டிக்குள் உறங்கும் ஒரு சிறு பொருளுக்கும் நேர்கிறது. சிறுவர் படித்து முடித்த சித்திரக்கதைப் புத்தகத்தின் நடுவே அடித்த இரும்புப் பின்னே அது.

தமிழில் சித்திரக்கதை நூல்கள் பெருகிய வரலாற்றில் சிவகாசிக்குத் தனி இடம் உண்டு. 1972-ஆம் ஆண்டில் அங்கிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழில் வந்தவன் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 1962-இல் வேலியன்ட் என்னும் வார இதழில் தோன்றிய அவ்வீரன், பத்து ஆண்டுகளில் தமிழ்ச் சிறுவர் உள்ளத்தில் குடிபுகுந்தான். 1984-இல் லயன் காமிக்ஸ் தொடங்கிற்று. இவற்றைப் பேணி வைக்க வேண்டும் என்று அக்காலத்தில் நினைத்தவர் மிகச் சிலரே. புத்தகம் கைக்குக் கை மாறியது, அட்டை கிழிந்தது, பின்னர்ப் பழைய காகிதக் கடைக்குப் போய் வேர்க்கடலைப் பொட்டலமாயிற்று. பழம் புத்தகங்களுக்குப் புகழ் பெற்றிருந்த சென்னை மூர் சந்தையும் 1985-இல் தீக்கிரையாயிற்று. ஆயிரக்கணக்கில் அச்சான ஒரு நூல் இன்று அரும்பொருளாகி விட்டதன் காரணம் இதுவே.

எஞ்சியவற்றுக்கும் பகை உள்ளேயே இருக்கிறது. சித்திரக்கதைகள் பெரும்பாலும் விலை குறைந்த செய்தித்தாட் காகிதத்தில் அச்சிடப்பட்டன. மரத்தை எந்திரத்தால் அரைத்துச் செய்யும் இவ்வகைக் காகிதத்தில் லிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாமல் தங்கிவிடுகிறது. ஒளியும் காற்றும் படப்பட லிக்னின் பழுப்பு நிறம் அடைகிறது; அமிலமும் தோன்றுகிறது. காகிதத்திற்கு வலிமை தருவது செல்லுலோஸ் இழை. அமிலம் அவ்விழையைத் துண்டு துண்டாக அறுக்கிறது. அதனால் ஒரு காலத்தில் வளைந்த தாள், பிற்காலத்தில் மடித்தால் அப்பளம்போல் ஒடிகிறது. வெப்பமும் ஈரமும் மிக்க ஊரில் இவ்வேதிவினை இன்னும் விரைவாக நடக்கும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பூக்கும். இராமபாணப்பூச்சியும் கரையானும் தம் பங்கைக் கேட்டு வரும்.

இவற்றையெல்லாம் விடப் பெருந்தீங்கு, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒன்றாலேயே விளைகிறது. தாள் கிழிந்ததும் ஒட்டுநாடாவை எடுத்து ஒட்டுவது பலர் வழக்கம். சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகி எண்ணெய்போற் காகிதத்துள் ஊறுகிறது. பின்னர் நாடா தானே உதிர்ந்துவிடும், கறை உதிராது. செப்பனிடுவோர் ஒரு பழைய நூலில் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி, முன்னொருவர் செய்த இத்தகைய செப்பத்தை நீக்குவதிலேயே கழிகிறது.

தேர்ந்த செப்பனிடுநர் நூலைக் கையிலெடுத்ததும் பசைக் கிண்ணத்தைத் தேடமாட்டார். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து, கிழிசல் எங்கே, கறை எங்கே என்று குறித்துக்கொள்வார். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, ரப்பர்த் தூளை மெல்ல உருட்டி அழுக்கை எடுப்பார். அடுத்து நடுப்பக்கத்தைத் திறந்து, துருப்பிடித்த பின்னின் இரு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி வெளியே எடுப்பார். இழுத்துப் பிடுங்கினால் காகிதமும் உடன் வரும். ஆதலின் இச்சிறு வேலைக்கே மிகுந்த பொறுமை வேண்டும்.

நீர் படும் எந்த வேலைக்கும் முன்னர் மையைச் சோதித்தாக வேண்டும். ஒவ்வொரு வண்ணத்திலும் கண்ணுக்குப் படாத ஓரத்தில் ஒரு துளி நீரிட்டு, மையொற்றும் தாளால் ஒற்றிப் பார்ப்பார். தாளில் வண்ணம் ஏறினால் நீர்க்குளியல் இல்லை. ஏறாவிடில் அமிலத்தைத் தணிக்கும் முறையைக் கையாளலாம். தெளிந்த சுண்ணாம்பு நீர் அதற்குரிய மருந்துகளுள் ஒன்று. தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றிலும் பழகிய பொருள்தான். ஆயினும் அளவறியாமல் பயன்படுத்துதல் ஆகாது. இம்மருந்து மேலும் கெடாமல் தடுக்குமேயன்றி, ஒடிந்த இழைக்கு இழந்த வலிமையைத் திரும்பத் தராது.

கிழிசலை இணைக்க உதவுவது ஜப்பானியக் காகிதம். முசுக்கொட்டை இனத்தைச் சேர்ந்த கோசோ என்னும் செடியின் பட்டையிலிருந்து அது செய்யப்படுகிறது. இழைகள் நீளமானவை, ஆதலால் சிலந்தி வலைபோல் மெல்லியதாக இருந்தும் அது எளிதில் அறுவதில்லை. அதனைக் கத்தரியால் வெட்டுவதில்லை. நீர்க்கோடு இட்டுக் கையால் கிழிப்பர். அப்போது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள் பழைய தாளோடு தழுவிக்கொள்ளும். கோதுமை மாவிலிருந்து பிரித்த மாப்பொருளைக் காய்ச்சி, வடிகட்டிச் செய்த பசையே ஒட்டுவதற்கு ஏற்றது. பின்னொரு நாள் நீர் தொட்டால் அது நெகிழ்ந்து விடும் என்பது அதன் குறையன்று, சிறப்பு. செய்த வேலையைப் பிறர் கழற்றக் கூடியதாக இருத்தல் இத்தொழிலின் முதல் விதி. ஒட்டிய இடத்தை மையொற்றும் தாள்களின் இடையே வைத்து, எடையேற்றி உலர்த்துவர். இறுதியில் துருப்பிடிக்காத எஃகுப் பின்னையோ நூலையோ பழைய துளைகளிலேயே கோத்து இணைப்பர். புதுத் துளை இடுவதில்லை.

அட்டையில் ஒரு மூலை தொலைந்து, மாயாவியின் முகத்திற் பாதியும் அதனோடு போயிருப்பின் என் செய்வது? வெற்றிடத்தை ஒத்த நிறக் காகிதத்தால் நிரப்பலாம். ஆனால் முகத்தை வரைந்து முடித்தல் ஓவியனின் வேலை, செப்பனிடுவோன் வேலையன்று. அவ்வாறு வரைந்ததை மூலம் என்று காட்டினால் அது பொய்ச்சான்றாகும். பணம் மிகுந்த சந்தையில் இது வெறும் நெறிப்பேச்சு அன்று. அமெரிக்காவில் 1938-இல் பத்து சென்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு படி 2014-இல் 32 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. வண்ணம் பூசி மீட்டுருவாக்கிய படிக்கு இத்தகைய விலை கிடைப்பதில்லை. 2000-ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிய தர நிர்ணய நிறுவனம் ஒன்று அத்தகைய படிகளுக்கு ஊதாச் சீட்டு ஒட்டித் தனியே பிரித்தது.

தமிழ்நாட்டில் பழம் அச்சுநூல்களைப் பேணும் பணியில் முன்னிற்பது சென்னைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த முத்தையா என்பவர் தம் வாழ்நாள் முழுதும் தேடித் தொகுத்த ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களும் இதழ்களுமே அதன் அடித்தளம். அவர் 1992-இல் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, சென்னையிலேயே நிலைக்கச் செய்தது. 1994 முதல் நூலகம் இயங்குகிறது. நாடக அறிக்கை, பாட்டுப் புத்தகம், விளம்பரத் துண்டு எனப் பிறர் குப்பை என்று கருதியவற்றையும் முத்தையா ஒதுக்கவில்லை.

எந்த மருத்துவத்தாலும் பிழைக்காத தாள்களும் உண்டு. தொட்டால் உதிரும் அவற்றை நுண்படச்சுருளில் பதிவு செய்தல் நூலகங்களின் வழக்கமாக இருந்தது. இப்போது எண்முறைப் படமாகவும் எடுக்கின்றனர். படிப்போர்க்கு அப்படமே கொடுக்கப்படுகிறது. மூல நூல் அமிலமற்ற அட்டைப் பெட்டியில், ஒளி புகாத அறையில், ஈரம் அளந்து கட்டுப்படுத்தப்பட்ட காற்றில் வைக்கப்படுகிறது.