கூட்டாகச் சொத்து வாங்குமுன்: எந்தச் சட்ட அமைப்பு ஏற்றது?

மூன்று நண்பர்கள் ஆளுக்கு 30 லட்சம் ரூபாய் முதலிட்டு, வாடகை வரும் வணிகக் கட்டடம் ஒன்றை வாங்க முடிவு செய்கிறார்கள் என்று கொள்வோம். இடம், விலை, வாடகை ஆகியவற்றை ஆராயும் அளவுக்கு, அச்சொத்து எந்தச் சட்ட அமைப்பின் பெயரில் நிற்க வேண்டும் என்பதைப் பலர் ஆராய்வதில்லை. மூவரில் ஒருவர் விலக விரும்பினாலும், கடனில் சிக்கினாலும், காலமானாலும் மற்ற இருவரின் நிலையைத் தீர்மானிப்பது அவ்வமைப்பே.

கூட்டு உரிமை

மூவர் பெயரிலும் கிரயப் பத்திரம் பதிவதே எளிய வழி. அவரவர் பங்கு திட்டவட்டமாக இருப்பின், வாடகை வருமானத்துக்கு அவரவர் தனித்தனியே வரி செலுத்தலாம். ஆகவே, பங்கு விகிதத்தைப் பத்திரத்திலேயே குறிப்பிடுவது நன்று. யார் எவ்வளவு தந்தார் என்பதற்குச் சான்று இல்லையெனில், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் அனைவரையும் சமபங்கினராகவே கருதும். முழுச் சொத்தையும் விற்க அனைவரும் இசைய வேண்டும். இணக்கம் குலைந்தால் பாகப்பிரிவினை வழக்கே வழியாகிவிடும்.

கூட்டாண்மை நிறுவனம்

1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி அமைவது இது. பதிவு கட்டாயமன்று, எனினும் பதிவு செய்யாத நிறுவனம், ஒப்பந்தத்தை மீறிய வெளியார்மீது பொதுவாக வழக்குத் தொடுக்க இயலாது. நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுப் பொறுப்பாளி. ஒருவர் செய்த பிழைக்கு மற்றவரின் சொந்த வீடும் ஈடாகலாம்.

எல்.எல்.பி.

வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையை 2008ஆம் ஆண்டுச் சட்டம் தனிச் சட்ட நபராக ஏற்கிறது. சொத்து அதன் பெயரிலேயே இருக்கும். கூட்டாளி ஒருவர் மறைந்தாலும் அமைப்பு தொடரும். மோசடி போன்றவை நீங்கலாக, பொறுப்பு அவரவர் முதலீட்டளவில் நிற்கும். ஆண்டுதோறும் கணக்கு அறிக்கைகளைத் தாக்கல் செய்ய வேண்டும். முதலீடு 25 லட்சத்தையோ விற்றுவரவு 40 லட்சத்தையோ தாண்டினால் தணிக்கையும் கட்டாயம். நம் நண்பர்களுக்கு இது பொருந்தும். கூட்டாண்மைக்கும் எல்.எல்.பி.க்கும் வருமான வரி 30 விழுக்காடு, மேல்வரிகள் தனி. கூட்டாளியின் கைக்கு வரும் இலாபப் பங்குக்கு மீண்டும் வரியில்லை. ஆயினும் குறைந்த வரி வரம்பில் இருப்பவர்களுக்குக் கூட்டு உரிமையே சிக்கனமாகலாம்.

தனியார் நிறுவனம்

2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 200 உறுப்பினர் வரை அனுமதிப்பதால், முதலீட்டாளர் பலராயின் இது ஏற்றது. நிறுவனம் 22 விழுக்காடு அடிப்படை வரி விகிதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இலாபத்தை ஈவுத்தொகையாக வழங்கினால், பெறுபவரும் வரி செலுத்த வேண்டும்.

வங்கிக் கடன்

எல்.எல்.பி.யோ நிறுவனமோ கடன் பெறும்போது, கூட்டாளிகளிடமும் இயக்குநர்களிடமும் வங்கிகள் தனிநபர் உத்தரவாதம் கேட்பது வழக்கம். அதில் கையொப்பமிட்டவருக்கு, அக்கடனைப் பொறுத்தவரை வரையறுத்த பொறுப்பு என்னும் காப்பு இராது.

எழுத்தில் இருக்க வேண்டியவை

எந்த அமைப்பாயினும் முதலீட்டு விகிதம், கூடுதல் பணம் தேவைப்பட்டால் தருபவர், கையொப்ப அதிகாரம், விலகுபவர் பங்கை மதிப்பிடும் முறை, வாரிசுகளின் உரிமை ஆகியவற்றை ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.

தனிநபர் பெயரில் வாங்கிய சொத்தைப் பின்னர் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றினால், முத்திரைத் தீர்வையோடு மூலதன ஆதாய வரியும் நேரலாம். எனவே, முன்பணம் கொடுக்குமுன்னரே வழக்கறிஞரையும் தணிக்கையாளரையும் கலந்து அமைப்பை முடிவு செய்வதே சிறந்தது.