கசடறக் கழுவுதல்

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் மிகுதியாக உழைத்துக் குறைவாகக் கவனிக்கப்படுவது யாது என்று என்னைக் கேட்பின், கியர்ப்பெட்டி என்றே சொல்வேன். எஞ்சின் சூடேறிச் சத்தமிட்டுத் தன்னை நினைவூட்டும். சில்லுகள் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். கியர்ப்பெட்டியோ வண்டியின் அடிவயிற்றில், இருளில், எண்ணெயில் மூழ்கிய பற்சில்லுகளோடு வாய்பேசாது கிடக்கின்றது. எஞ்சினின் எண்ணெயை ஆண்டுக்கு இருமுறை மாற்றும் நண்பர்களிடம், "கியர்ப்பெட்டியின் எண்ணெயை எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டிருக்கிறேன். பலர் சிரித்தனரேயன்றி விடை கூறினாரில்லை.

எஞ்சினிலே எண்ணெயை வடிகட்டும் உறுப்பு ஒன்று உண்டு. பழைய வண்டிகளின் கியர்ப்பெட்டியில் அஃது இல்லை. பல்லோடு பல் உரசித் தேயும் உருக்குத் துகள் யாவும் அடியில் படிகின்றன. ஒரு பகுதி எண்ணெயோடு மேலெழுந்து மீண்டும் பற்களுக்கிடையே புகுகின்றது. நகையைத் துலக்கும் தட்டான் நுண்பொடியை எண்ணெயிற் குழைத்துத் தேய்ப்பதை ஒத்தது இது. வேறுபாடு யாதெனின், தட்டான் வேண்டிய அளவோடு நிறுத்துவான். கியர்ப்பெட்டிக்குள் நிறுத்துவார் இல்லை.

இதனை எழுத நேர்ந்த காரணம் எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் வண்டி. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வரைந்த இவ்வகை வண்டி 1948இல் இலண்டனிலே காட்சிக்கு வைக்கப்பட்டது. 1960இன் முடிவிலேயே பத்து இலட்சத்தை எட்டிய முதற் பிரித்தானிய வண்டி என்ற பெயரையும் பெற்றது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. எனினும் இலங்கையில் இது மறைந்துவிடவில்லை. ஒஸ்டின் வண்டியும் மொறிஸ் வண்டியும் யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் ஓடியமைக்குப் போர்க்காலமும் ஒரு காரணம். 1990களில் வடக்கே பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது, சில துளி பெற்றோலிலே உயிர்பெற்று மண்ணெண்ணெயிலே ஓடக்கூடியவை இவ்வெளிய வண்டிகளே.

எங்கள் வண்டி 1958ஆம் ஆண்டுக்குரியது. என் மாமனார் வாங்கியது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, நடக்கவியலாத முதியோர் மூவரை ஏற்றிக்கொண்டு, சனத்திரளினூடே முதற் கியரிலேயே ஊர்ந்து நாவற்குழி கடந்தது. அக்காலத்திலே கிடைத்த எண்ணெயே வார்க்கப்பட்டது. பொருத்தமானது எதுவென்று ஆராய எவருக்கும் பொழுதில்லை. இப்போது இரண்டாம் கியரும் மூன்றாம் கியரும் கரகரத்து மறுக்கத் தொடங்கின. கராச் ஒன்றிலே காட்டியபோது, "பெட்டியே முடிந்துவிட்டது" என்றனர். கொழும்பிலுள்ள என் மகன், வண்டியைப் பாகம் பாகமாக விற்றுவிடலாம் என்று எழுதினான். புதுப்பெட்டி கடையிலே கிடைக்கும் பொருளன்று. ஆகவே, பெட்டி உண்மையில் முடிந்துவிட்டதா என்பதை அறிவதே எங்கள் முதல் வேலையாயிற்று. அதனைத் திறந்து பிரிக்காமல் அறிவதற்கு ஒரே வழி, உள்ளே கிடக்கும் எண்ணெயை வெளியே எடுத்துப் பார்த்தல்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். முற்காலத்தில் கியர் மாற்றுவது ஒரு வித்தையாகவே இருந்தது. வேறு வேறு வேகத்திற் சுழலும் இரு உறுப்புக்களைச் சத்தமின்றி இணைக்கக் கிளச்சை இருமுறை மிதிக்க வேண்டும். 1928இல் அமெரிக்காவின் கடிலாக் வண்டியில், வேகங்களை முதலில் ஒன்றாக்கிப் பின்னர் பற்களைக் கோக்கும் அமைப்பு அறிமுகமாயிற்று. செம்பு கலந்த உலோகத்தாலான கூம்பு வடிவ உறுப்பு எண்ணெய்ப் படலத்தை அறுத்து உருக்குக் கூம்பைப் பற்றிப்பிடித்து, அதன் வேகத்தைத் தன் வேகத்துக்கு இழுக்கின்றது. ஆகவே இப்பெட்டிக்குரிய எண்ணெய் முரண்பட்ட இரு பணிகளைச் செய்ய வேண்டும்: பற்களுக்கிடையே வழுக்கவும் வேண்டும், கூம்பினிடத்தே பற்றவும் விடவேண்டும்.

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். வண்டியின் பின்னச்சுக்குரிய எண்ணெயிலே கந்தகமும் பொசுபரசும் சேர்ந்த மருந்துகள் மிகுதி. அங்குள்ள பற்கள் ஒன்றன்மேலொன்று பேரழுத்தத்தோடு சறுக்குவதால் அவை தேவை. அதே எண்ணெயைக் கியர்ப்பெட்டியில் வார்த்தால் கூம்பு பற்றாது வழுக்கும். சூடேறும்போது கந்தகம் செம்பு கலந்த உலோகத்தை அரிக்கவும் கூடும். மொறிஸ் மைனர் ஆயிரத்தின் கைந்நூல் எஞ்சினுக்குரிய முப்பதாம் எண் எண்ணெயையே கியர்ப்பெட்டிக்கும் விதித்தது. "எஞ்சின் எண்ணெய் மெல்லியதல்லவா? தொண்ணூறாம் எண்ணே தடிப்பானது" என்பார் உளர். இரு எண்களும் வெவ்வேறு அளவுகோல்களைச் சார்ந்தவை. தொண்ணூறாம் எண் கியர் எண்ணெய், நாற்பது அல்லது ஐம்பதாம் எண் எஞ்சின் எண்ணெயின் தடிப்பையே உடையது, முப்பதின் மும்மடங்கன்று. அளவுகோலை அறியாது எண்ணை மட்டும் ஒப்பிடுவதால் வரும் மயக்கத்தை மாணவருக்கு விளக்க இதனினும் நல்ல உதாரணம் வேண்டுமோ?

எழுபது வயதைக் கடந்த பழைய தொழிலாளர் ஒருவர் துணைக்கு வந்தார். எண்ணெய் இளகும்பொருட்டு மானிப்பாய்வரை வண்டியை ஓட்டித் திரும்பி, சமதளமான கிடங்கின்மேல் நிறுத்தினோம். சூடான எண்ணெயே படிந்த கசடையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். நான் சாவியை எடுத்துக்கொண்டு கிடங்கினுள் இறங்கப் போனேன். அவர் தடுத்தார்.

"மாஸ்ரர், முதல்ல மேலாணியைக் கழட்டிப் பாக்கவேணும். அது இறுகிக் கிடந்தா, கீழாலை எல்லாத்தையும் ஓடவிட்டிட்டு என்னண்டு நிரப்புறது?"

எளிய சொல், ஆனால் எத்தனை பேர் இதனை எண்ணுகின்றனர்! முன்னிருக்கைக்கு அருகே விரிப்பை நீக்கி, இறப்பர் அடைப்பை எடுத்தால் அம்மேலாணி தெரியும். எண்ணெய் வார்ப்பதற்கும் அளவு பார்ப்பதற்கும் அதுவே வாயில். அது கழன்ற பின்னரே கீழாணியிற் கைவைத்தோம்.

வடிந்த எண்ணெய் கறுத்து, அழுகிய முட்டையை நினைவூட்டும் மணத்தோடு இருந்தது. பின்னச்சு எண்ணெயே இத்தனை காலமும் உள்ளே இருந்ததென்பதை அம்மணமே சொல்லிற்று. நிறம் பாலைப்போல் வெளுத்திருக்குமாயின் நீர் புகுந்ததென்று பொருள், நல்வினையாக அவ்வாறில்லை. அளந்து பார்த்தபோது, இரண்டேகால் பைந்து, அதாவது ஏறத்தாழ 1.3 லீற்றர், இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பைந்து குறைந்திருந்தது. உள்ளிருக்கும் சில்லு எண்ணெயில் தோய்ந்து வாரியிறைத்தாலன்றி மேலுள்ள அச்சுக்கு எண்ணெய் கிட்டாது. குறைந்த எண்ணெயோடு ஓடிய பெட்டி கரகரத்ததில் வியப்பென்ன?

அடுத்தது கழுவுதல். மண்ணெண்ணெயை மட்டும் வார்த்து வண்டியை ஓட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது கொடிது. மண்ணெண்ணெய் படலமாக நின்று உலோகத்தைக் காவாது. சுமையேறியதும் பல் பல்லையே தின்னும். நாங்கள் மெல்லிய எஞ்சின் எண்ணெயிலே சிறிதளவு மண்ணெண்ணெய் கலந்து வார்த்தோம். வண்டியை நகர்த்தாது, கியரிடாது, எஞ்சினை மெல்ல மூன்று நிமிடம் ஓடவிட்டோம். கிளச் பிடித்திருக்கும்வரை உள்ளச்சுச் சில்லு சுழன்று, எண்ணெயை அள்ளி எறிந்து, பெட்டியின் சுவர்களைத் தானே கழுவும். உடனே வடித்தோம். பின்னர் மண்ணெண்ணெய் கலவாத தூய எண்ணெயால் மீண்டும் ஒருமுறை. இரவு முழுவதும் கீழாணியின்றிச் சொட்டவிட்டோம்.

மறுநாட் காலை வடித்த எண்ணெயை வெள்ளைச் சீலையில் வடிகட்டினோம். ஒரு காந்தத்தை மெல்லிய கடதாசியிற் சுற்றிக் கசடின்மேல் இழுத்தபோது, சாம்பல் நிறக் குழம்பு அதிற் பற்றியது. இது உருக்கின் இயல்பான தேய்வு. அறுபது ஆண்டு உழைப்பின் கூலி. காந்தத்திற்கு அகப்படாது சீலையில் மினுங்கிய மஞ்சட்பொடி, கூம்புகளின் தேய்வு. அவற்றிடையே அரிசிமணி அளவான உருக்குத் துண்டு ஒன்று. அதனைக் கண்டதும் என் நெஞ்சு திடுக்கிட்டது. அவரோ அதனை விரலிடையே உருட்டிப் பார்த்தார்.

"இது முதற் கியரின்ரை பல்லு நுனி. மூலையெல்லாம் மழுங்கிப்போச்சு, பாருங்கோ. உடைஞ்சு கனகாலம். தகடு தகடாய்ப் பளபளப்போடை வந்தாத்தான் பயம்."

தகடாக உரிவது பெயரிங்கின் அழிவைக் காட்டும். அப்போது பெட்டியைப் பிரித்தேயாக வேண்டும். எங்கள் சீலையில் அத்தகைய தகடு ஒன்றேனும் இல்லை. இவ்வண்டியின் முதற் கியருக்கு வேகம் ஒன்றாக்கும் அமைப்புக் கிடையாது. வண்டி நிற்குமுன் அவசரமாகத் திணிப்போர் பல்லின் நுனியைச் சிதைப்பது வழக்கம். "முடிந்துவிட்டது" எனப்பட்ட பெட்டி, காயமுற்றதேயன்றி முடியவில்லை.

ஆணியைத் துடைத்து, புதுச் செப்பு வாசர் இட்டு, முப்பதாம் எண் எண்ணெயை மேல்வாயில் விளிம்பில் கசியும்வரை வார்த்தோம். அதற்குமேல் வார்ப்பதும் தவறு. மிஞ்சியது முன்புறமாக ஒழுகிக் கிளச்சை நனைக்கும். கிளச் உறையின் அடியில் உள்ள சிறு துளையிலே ஒரு பிளவூசி தொங்குவதைக் காணலாம். அது கழன்று விழ மறந்த ஆணியன்று. வண்டி அதிரும்போதெல்லாம் ஆடி, கசிந்த எண்ணெய் வெளியேறும் துளை அடைபடாது காப்பதற்காகவே அமைத்தவர் வைத்தனர்.

பழைய பெட்டியைக் கழுவலாகாது, கசடே ஒழுக்கை அடைத்துக்கொண்டிருக்கும் என்று வாதிடுவோர் இருக்கின்றனர். அதில் ஓரளவு உண்மை உண்டு. கழுவியபின் எங்கள் வண்டியின் பின்புற அடைப்பிலே ஒழுக்கு வெளிப்பட்டது. ஆயின் ஒரு பைந்து எண்ணெய் காணாமற் போன வழி அதுவன்றோ? ஒழுக்கு இல்லாதிருந்ததன்று, தெரியாதிருந்தது. அடைப்பை மாற்றினோம். கசடை நம்பி வாழ்வது, சத்தத்தை அடக்கக் கியர்ப்பெட்டியில் மரத்தூள் இட்டு வண்டி விற்கும் பழஞ்சூதுக்குச் சற்றே மேம்பட்டது; அவ்வளவே.

இன்னொன்றையும் வற்புறுத்த விரும்புகிறேன். வடித்த எண்ணெயை வேலியோரம் ஊற்றுவது நம்மவர் பலருக்கு வழக்கம். யாழ்ப்பாணத்திலே வற்றாத ஆறில்லை; சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களூடே இறங்கும் மழைநீரே நம் கிணற்று நீர். வேலியோரம் ஊற்றியது அதே வெடிப்பினூடே இறங்கும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளதென 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுந்த அச்சத்தை நாம் மறத்தலாகாது. எங்கள் கழிவெண்ணெய் முழுவதையும் மூடியுள்ள கலனில் நிறைத்து, அதனை வாங்குவோரிடம் சேர்ப்பித்தோம்.

500 மைல் ஓடியபின் மீண்டும் வடித்துப் பார்த்தோம். காந்தத்திற் பற்றியது நகக்கண்ணளவு, மஞ்சட்பொடி அரிது. மூன்றாம் கியர் இப்போது மறுப்பின்றி விழுகின்றது. இரண்டாம் கியர் இன்னும் கரகரக்கின்றது. தேய்ந்த கூம்பை எந்த எண்ணெயும் வளர்க்காது. அதற்குக் கிளச்சை இருமுறை மிதிக்கும் பழைய வித்தையைக் கற்றுக்கொண்டேன். விடுமுறைக்கு வந்த மகனுக்கும் கற்பித்தேன். விற்பதைப் பற்றி அவன் பேசவில்லை. அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது தன்னையும் அழைக்கும்படி சொல்லிச் சென்றான்.