கடல் எங்கே?

"கடற்கரை என்றார்களே, கடல் எங்கே?"

சந்திப்பூர் வந்து இறங்கும் பலர் முதலில் கேட்பது இதுதான். சவுக்கு மரங்கள் இருக்கின்றன. மணல் இருக்கிறது. கடலைத்தான் காணோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஈர மணலும் சேறும்தான். பூரியில் பெரிய அலைகளைப் பார்த்துவிட்டு வருபவர்களின் முகம் வாடிப்போகும்.

கொஞ்சம் பொறுங்கள். கடல் உள்வாங்கியிருக்கிறது. மீண்டும் வரும்.

சந்திப்பூர், ஒடிசா மாநிலத்தில் பாலசோர் நகருக்கு அருகில் இருக்கிறது. சென்னையிலிருந்து ஹவுரா போகும் ரயில் பாதையில் பாலசோர் வரும். ஏறக்குறைய ஒரு நாள் பயணம். எல்லா ரயில்களும் அங்கே நிற்பதில்லை. டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து கடற்கரை 16 கிலோமீட்டர். ஆட்டோவில் ஏறும் முன்பே கூலி பேசிவிடுவது நல்லது.

கடல் ஏன் உள்ளே போகிறது? நிலவும் சூரியனும் கடல் நீரை இழுக்கின்றன. அதனால் எல்லாக் கடலிலும் தண்ணீர் ஏறும், வற்றும். ஆனால் சந்திப்பூரில் கடலின் தரை மிகவும் சமமானது. சரிவே தெரியாது. ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, லேசாகச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் எவ்வளவு தூரம் விலகுகிறது! இங்கும் அப்படித்தான். நீர்மட்டம் சில அடி இறங்கினால் போதும். கரையிலிருந்து 5 கிலோமீட்டர் வரைகூடத் தண்ணீர் விலகிவிடும்.

ஒரு நாளில் இரண்டு முறை இது நடக்கும். ஆனால் நேரம் மாறிக்கொண்டே இருக்கும். இன்று காலை 10 மணிக்கு நன்றாக வற்றியிருந்தால், நாளை 10.50 மணி வாக்கில் அப்படி வற்றும். ஆகவே, நேற்று வந்தவர் சொன்ன நேரத்தை நம்ப வேண்டாம். அன்றைய நேரத்தை மீனவரிடம் கேளுங்கள். ஒடியா மொழியில் ஏறும் தண்ணீர் 'ஜுவார்'. வற்றும் தண்ணீர் 'பட்டா'. நம் ஊர் நிலப் பட்டா அல்ல!

வற்றிய கடலுக்குள் நடப்பது தனி மகிழ்ச்சி. சிப்பிகள் கிடக்கும். சிறு நண்டுகள் ஓடி ஒளியும். குதிரை லாடம் போன்ற ஓடு கொண்ட ஓர் உயிரையும் பார்க்கலாம். லாட நண்டு என்பார்கள். உண்மையில் அது சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருங்கிய உறவு. அதன் இரத்தம் நீல நிறம். அது மல்லாந்து கிடந்தால், ஓட்டின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பி விடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது.

ஆனால் வேடிக்கை பார்த்தபடி வெகுதூரம் போய்விடாதீர்கள். திரும்பி வரும் தண்ணீர் பூரி அலைபோல் சத்தம் போடாது. முதலில் பள்ளங்கள் நிரம்பும். நீங்கள் நிற்கும் மேடு காய்ந்தே இருக்கும். அதற்குள் உங்களுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிடும். 3 கிலோமீட்டர் திரும்பி நடக்க ஒரு மணி நேரமாவது ஆகும். சேற்றில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் இன்னும் அதிகம். தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே போய், ஏறத் தொடங்கும் முன்பே திரும்பிவிட வேண்டும். இருட்டில் போகவே கூடாது.

இங்கே ராணுவ ஏவுகணைச் சோதனைத் தளமும் உள்ளது. அப்துல் கலாம் தலைமையில் உருவான அக்னி ஏவுகணை 1989-இல் முதன்முதலாகப் பறந்தது இங்கிருந்துதான். சோதனை நாட்களில் அருகில் வசிப்பவர்களைத் தற்காலிகமாக வேறு இடத்துக்கு அனுப்புவார்கள். அந்தப் பக்கம் போக முடியாது.

பக்கத்தில் பலராம்காடி என்ற மீன்பிடித் துறை இருக்கிறது. புத்தபலங்கா ஆறு அங்கேதான் கடலில் சேர்கிறது. கரையில் கடல் இல்லாத நேரத்தில், படகு பார்க்க அங்கே போய் வரலாம்.