தடிப்பும் மெலிவும்: வளைந்த நிப்பு குறித்துச் சில குறிப்புகள்

எழுத்தின் அரசியலைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. எழுதுகிற கருவியைப் பற்றிப் பேசியது குறைவு. பிரதி என்றதும் அச்சான பக்கத்தைத்தான் மனசில் வைத்துக்கொள்கிறோம். அச்சுக்கு முந்தி ஒரு கை இருந்தது, கைக்கும் தாளுக்கும் நடுவே ஓர் உலோகத் துண்டு இருந்தது என்பது மறந்துபோகிறது. ரொலான் பார்த் 1973இல் ஒரு நேர்காணலில் பேனாக்கள் மீதான தன் பித்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். பால்பாயிண்ட் பேனா அவருக்குப் பிடிக்கவில்லை. பாரிஸில் விதவிதமாய்ப் பேனா வாங்கிச் சேர்க்க முடிந்த ஒருவரின் ரசனை என்று அதை ஒதுக்கிவிடலாம். நானும் அப்படித்தான் ஒதுக்கியிருந்தேன், அம்மா கையில் ஒரு வளைந்த நிப்புப் பேனாவைக் கொடுக்கும்வரை.

அம்மா 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் எழுதக் கற்றவள். கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வந்த தலைமுறை. பழகியது பால்பாயிண்டில். அவள் எழுதிய தாளைத் திருப்பித் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படும், அவ்வளவு அழுத்தம். முன்பக்கம் பார்த்தாலோ கோடு முழுக்க ஏறத்தாழ ஒரே பருமன். காரணம் எளிது. பால்பாயிண்டில் கோட்டின் அகலத்தைத் தீர்மானிப்பது உள்ளே உருளுகிற குண்டின் அளவு. எழுதுகிற உடலின் உழைப்பு தாளின் முதுகோடு நின்றுபோகிறது. வாசிக்கிறவன் கண்ணுக்கு வருவதில்லை.

கோட்டின் பருமனை மாற்ற நிப்புக்கு மூன்று வழிகள் உண்டு: திசை, அழுத்தம், கோணம். இந்த மூன்றும் மூன்று வேறு எழுத்து மரபுகளின் சொத்து என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நுனி பட்டையாக வெட்டப்பட்ட நிப்பு. லாமி ஜாய் 1.1, 1.5, 1.9 மி.மீ. அகலங்களில் வருகிறது. பைலட் பேரலலில் இரண்டு தகடுகள் ஒட்டி நிற்கும், 6 மி.மீ. வரை போகிறது, தட்டி எழுதவே போதும். கையைத் திருப்பாமல் எழுதினால் மேலிருந்து கீழே இழுக்கும் கோடு தடிக்கும், குறுக்குக் கோடு மெலியும். இது ரோமன் எழுத்துக்கு வாகான ஏற்பாடு. தமிழில் ண, ஞ எழுதிப் பாருங்கள், சின்ன எழுத்தானால் சுழி மையில் அடைந்துபோகும். இங்கே தடிப்பை முடிவு செய்வது பெரும்பாலும் நிப்பின் வெட்டுத்தான், கை அல்ல.

இரண்டாவது, வளைந்துகொடுக்கும் நிப்பு, ஃபிளெக்ஸ் என்கிறார்கள். நிப்பின் நடுப்பிளவு வழியே மை நுண்துளை ஈர்ப்பால் இறங்குகிறது. அழுத்தினால் இரண்டு கால்களும் விரியும், கோடு தடிக்கும். விட்டால் சேரும், கோடு மெலியும். முன்பு இது தங்க நிப்புக்காரர்களின் சொகுசு. 2011இல் வந்த நூட்லர்ஸ் அஹாப் போன்றவை எஃகு நிப்பும் எபோனைட் நாக்கும் வைத்து இதை மலிவாக்கின. ஆனால் கால்கள் விரிந்து ஓடுவது கீழ்நோக்கி இழுக்கும்போது மட்டும்தான். நம் எழுத்தோ மேலே ஏறும், இடப்பக்கம் சுழிக்கும். மேலே தள்ளும்போது அழுத்தினால் நிப்பு தாளைக் கிழிக்கும். அம்மாவிடம் இப்படியொரு பேனாவைக் கொடுத்தேன். இரண்டே வரி, ஒரு கால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. "இதுக்கு என் கை ஆகாதுடா" என்றாள். யாருடைய கை அளவுக்கு அந்தக் கருவி செய்யப்பட்டது என்பதல்லவா கேள்வி?

மூன்றாவதுதான் வளைந்த நிப்பு. நுனி மட்டும் மேல்நோக்கி மடிந்திருக்கும். செய்லர் கம்பெனியின் ஃபுடே தெ மன்னென் 40, 55 பாகை மடிப்புகளில் கிடைக்கிறது. பேனாவைச் செங்குத்தாகப் பிடித்தால் மெல்லிய கோடு, சாய்த்தால் பட்டையான கோடு, நிப்பைக் கவிழ்த்தால் மயிரிழை. விசேஷமாக அழுத்த வேண்டியதில்லை. 'ஃபுடே' என்றால் தூரிகை. ஜப்பானியர் மைப்பேனாவுக்கு வைத்த பெயரே 'பத்தாயிரம் ஆண்டுத் தூரிகை' என்பதுதான். மேற்கிலிருந்து வந்த கருவியைத் தங்கள் தூரிகை மரபுக்குத் திருப்பிக்கொண்டார்கள். சீனத்தில் ஹீரோ, ஜின்ஹாவ் முதலான கம்பெனிகள் இதை இன்னும் மலிவாகச் செய்கின்றன. தெருவில் நின்று படம் வரைகிறவர்கள் இதை விரும்புவதற்குக் காரணம், கூரையின் நிழலையும் மின்கம்பியையும் ஒரே பேனாவில் போட்டுவிடலாம்.

இந்த இடத்தில் 'நம் மரபிலும் இது இருந்ததே' என்று யாராவது கிளம்பக்கூடும். இல்லை. எம்.ஏ.யில் சுவடியியல் படித்தபோது கண்டதைச் சொல்கிறேன். எழுத்தாணி கீறுகிறது, கரி தடவினால் கீறல் தெரிகிறது. புள்ளிகூடப் பெரும்பாலும் வைப்பதில்லை. கோட்டுக்குத் தடிப்பும் மெலிவும் அதில் கிட்டத்தட்ட இல்லை. அந்த வகையில் ஓலையின் வாரிசு பால்பாயிண்ட்தான் என்றுகூடச் சொல்லிவிடலாம்! தடிப்பும் மெலிவும் நம்மிடம் வேறிடத்தில் இருந்தன. வளைந்த நிப்பை நாலு தரம் சாய்த்துப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்: "கோலப்பொடி விழுகிற மாதிரில்ல விழுகுது." விரலிடுக்கைத் தளர்த்தினால் தடிப்பு, இறுக்கினால் மெலிவு. எழுத்தறியாதவர்கள் என்று கணக்கெடுக்கப்பட்ட பெண்களிடம் இருந்த அறிவு அது. அறிவொளிப் பாடப்புத்தகம் உட்பட யாரும் அதை எழுத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. சாதாரண எஃகு நிப்பு, மூக்குக் குறடு, நைசான தண்ணீர் எமரித்தாள் போதும். நுனியிலிருந்து இரண்டு மி.மீ. விட்டு மெல்ல மடக்கி, எமரியில் எட்டு எட்டாகத் தேய்த்தால் கரகரப்புப் போய்விடும். நான் ஐந்தில் மூன்றை நாசம் பண்ணினேன். நாட்டு மையே போதும். அரக்குக் கலந்த இந்தியன் இங்க்கை மட்டும் ஊற்றாதீர்கள், நாக்கு அடைத்துக்கொள்ளும். சாத்தூர் ஒருகாலத்தில் நிப்புப் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பால்பாயிண்ட் பரவப் பரவ அந்தத் தொழில் நொடித்துப்போனது. கருவி மாறினால் எழுத்து மட்டும் மாறுவதில்லை, எத்தனையோ பேர் சோறும் மாறுகிறது.

வளைந்த நிப்பு விடுதலை தந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. பேனா சேகரிப்பதும் ஒரு நுகர்வுப் பித்துத்தான். ஆனால் கோடு தடிப்பதும் மெலிவதும் காசுள்ளவன் கைக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டியதில்லை. போன மாதம் ஊர்க் குடிநீருக்காகக் கிராமசபைக்கு அம்மா தன் கையால் மனு எழுதினாள். தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தேன், வழவழப்பாக இருந்தது. முன்பக்கத்தில் 'தண்ணீர்' மட்டும் பட்டையாக இருந்தது.